கணிதத் துறையின் தலைமை நாற்காலி

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணிதத் துறைத் தலைவராக இருப்பவருக்கு முதல்வர் மேலே, சக ஆசிரியர்கள் பக்கத்தில், மாணவர்கள் எதிரே. மாணவர் வாயில் அவர் ‘எச்.ஓ.டி.’ யாருக்கு எந்தத் தாள், எந்த வகுப்பு எந்த மணியில், பாடத்திட்டத்தில் எது இருக்கலாம், நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவருடைய மேசை. இவற்றில் பாதி வேலை விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மாணவனைக் கவனிப்பது, யாருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவது, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்கிற மீதிப் பாதிக்கு விதி கிடையாது. சென்னைக் கணிதத்தின் நூறாண்டுக் கதையில் பெரிய விளைவுகள் பலவும் இந்த விதியில்லாத பாதியிலிருந்துதான் வந்திருக்கின்றன.

டோல்கேட், திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரி என்றால் தெற்கே போவதுதான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் டோல்கேட்டில் ஏறினால், மூன்றாவது நிறுத்தத்தின் பெயரே சர் தியாகராயா கல்லூரி; 1950-ல் தொடங்கியது, அரசு உதவி பெறுவது. அங்கிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி மண்ணடியில் இறங்கினால், பிராட்வே பக்கம் 1964-ல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி. அது அரசுக் கல்லூரி. இன்னும் தெற்கே, கடற்கரையைப் பார்த்தபடி மாநிலக் கல்லூரி. ஒரே திசையில் இருக்கும் கல்லூரிகள்தான். ஆனால் துறைத் தலைவர் வந்து அமரும் வழி எல்லாவற்றிலும் ஒன்றல்ல.

அரசுக் கல்லூரியில் ஆசிரியரைத் தேர்வு செய்வது ஆசிரியர் தேர்வு வாரியம்; தலைமை பணிமூப்பின்படி வரும். இடமாறுதல் கலந்தாய்வில் மூத்தவர் ஒருவர் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தால், நேற்றுவரை நாற்காலியில் இருந்தவர் எழுந்து இடம் விடவேண்டியதுதான். உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெறுகிறார்கள். அதனால் ஒருவரே பல ஆண்டுகள் தலைவராக நீடிப்பது வழக்கம். சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகம் யாரைச் சொல்கிறதோ அவர். பல்கலைக்கழகத் துறைகளில் சுழற்சி முறை நடப்பில் உண்டு. பணிமூப்பு முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது: நாற்காலிக்காக யாரும் யாரோடும் மோதவேண்டியதில்லை. வருகிற வரிசை எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த வரிசையில் வருபவருக்குக் கணிதத்தை எங்கே கொண்டுபோவது என்ற யோசனை இருக்குமா என்பதற்கு மட்டும் அந்த முறையிடம் பதில் இல்லை.

விதியில் எழுதிய அதிகாரங்களில் பெரியது பாடத்திட்டக் குழு. அந்தக் குழு எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு வடசென்னைத் துறைமுகத்தோடு ஒட்டிய ஒரு பழைய வழக்கே உதாரணம்.

1912 மார்ச் 1-ம் தேதி சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். விண்ணப்பத்தோடு அவர் இணைத்தது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் இ.டபிள்யூ. மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம். ராமானுஜன் மாநிலக் கல்லூரியில் படித்தவரல்ல. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். தன் கல்லூரி மாணவனே இல்லாத, பட்டமும் இல்லாத ஒருவருக்கு அந்தப் பேராசிரியர் கடிதம் கொடுத்தார். துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இந்தியக் கணிதச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காதுவரை விஷயத்தைக் கொண்டுபோனது அவர்தான்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கடிதம் கணிதப் பாடத்திட்டக் குழுவிடம் வந்தது. குழுவை நடத்திய பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. அனுமந்த ராவ், நாராயண ஐயரையும் கூட்டத்துக்கு அழைத்தார். 1913 மார்ச் 19 அன்று குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது. முதுகலைப் பட்டம் உள்ளவருக்கே அந்தத் தொகை என்று விதி இருந்தது. ஏப்ரலில் சிண்டிகேட் கூடியபோது அந்தத் தடையைத் தாண்டிவந்தார்கள். மே 1 முதல் ராமானுஜன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி எழுதிய முதல் கடிதம் அதற்குள் வந்திருந்தது உண்மை. என்றாலும் சம்பளம் போட்டு ஆளை எழுத்தர் மேசையிலிருந்து எழுப்பியது உள்ளூர்க் குழு. பாடத்திட்டக் குழு என்றால் தாளின் பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தேநீர் குடித்துக் கலையும் கூட்டம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கூட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்த தலைமுறையில் மாநிலக் கல்லூரிக்கு கே. ஆனந்த ராவ் வந்தார். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்து 1919-ல் திரும்பியவர். பகுப்பாய்வில் அவரிடம் பயின்றவர்கள் பட்டியலில் எஸ்.எஸ். பிள்ளை, சி.டி. ராஜகோபால், கே. சந்திரசேகரன், எஸ். மீனாட்சிசுந்தரம் எல்லாம் உண்டு. அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துறையில் ஆர். வைத்தியநாதசுவாமி. ஊரில் இரண்டு இடத்தில் இரண்டு பேர் தீவிரமாக இருந்தால் மாணவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு பிள்ளையே சாட்சி. அவர் இருவரிடமும் ஆராய்ச்சி பழகியவர்.

ஆனாலும் தலைமை என்ற கோணத்தில் நின்று பார்க்கவேண்டியவர் லயோலா கல்லூரியின் ஃபாதர் சார்லஸ் ரசீன். 1897-ல் பிரான்சில் பிறந்த ஏசு சபைத் துறவி. பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1937-ல் இந்தியா வந்து முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், 1939 முதல் லயோலாவிலும் கற்பித்தார். அன்று லயோலாவுக்குத் தனிப் பாடத்திட்டம் கிடையாது. பல்கலைக்கழகம் வகுத்த ஆனர்ஸ் பாடம், பல்கலைக்கழகம் வைக்கும் தேர்வு. அதுவும் கேம்பிரிட்ஜின் பழைய டிரைபாஸ் தேர்வின் அச்சில் வார்த்தது. கடினமான கணக்குகளை நேரத்துக்குள் போட்டு முடிக்கும் சாமர்த்தியம் அதில் செல்லுபடியாகும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் கணிதம் அதற்குள் வேறு ரூபம் எடுத்திருந்தது. இடவியல், நவீன இயற்கணிதம், வடிவியல் என்று போய்க்கொண்டிருந்தது. அதன் வாடைகூடத் தேர்வுத்தாளில் இல்லை.

தேர்வுத்தாளை மாற்ற ரசீனுக்கு அதிகாரமில்லை. தேர்வுக்கு வெளியே மாணவர் என்ன படிக்கிறார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். பிரெஞ்சுக் கணித உலகில் அவருக்கு நேரடிப் பழக்கம் இருந்தது. ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்த்தான் போன்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தேறிய மாணவருக்குப் புதிய புத்தகங்களைக் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லாததைப் பேசினார். பிறகு அதைவிட முக்கியமான ஒன்றைச் செய்தார்: படிப்பு முடித்தவர்களை பம்பாய்க்கு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அரசு வேலைக்கான போட்டித் தேர்வு என்று வீடுகள் தீர்மானித்திருந்த காலம் அது. 1953-ல் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் பம்பாய் போனார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்று உலகமெங்கும் இருவர் பெயரிலும் வழங்குகிறது. ராகவன் நரசிம்மன், சி.பி. ராமானுஜம் இருவரும் அதே லயோலாவிலிருந்து அதே வழியில் போனவர்கள்.

ரசீனின் பெயரில் பெரிய தேற்றம் எதுவும் இல்லை. கல்லூரியில் கற்பிப்பவருக்கு ஆராய்ச்சிக்கு நேரமும் துணையும் எவ்வளவு கிடைக்கும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கும். தன்னிடம் இருப்பது போதாது என்று தெரிந்து, போதுமான இடத்துக்கு மாணவனைக் கைகாட்டிவிடுவது துறைத் தலைமையில் அபூர்வமான குணம். நல்ல மாணவனைத் தன் துறையிலேயே எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அப்படிச் சேர்த்த எண்ணிக்கை ஆண்டறிக்கையில் அழகாகத்தான் இருக்கும்.

சேஷாத்ரி 1984-ல் சென்னைக்கே திரும்பினார். 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம். 1998-ல் அது இளங்கலை வகுப்பைத் தொடங்கியது. ஆராய்ச்சி செய்பவரே முதலாண்டு மாணவனுக்கும் பாடம் எடுக்கவேண்டும் என்பது அங்கே அடிப்படை.

ரசீனுக்கு இல்லாத அதிகாரம் 1978-ல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டப்படி தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. லயோலாவும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அவற்றில் அடக்கம். மாநிலக் கல்லூரி 1987-ல் பெற்றது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழுவுக்குத் துறைத் தலைவரே தலைவர். துறை ஆசிரியர்கள் தவிர, வெளிக்கல்லூரி வல்லுநர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று குழு அமையும். இந்தக் குழு தீர்மானித்தால் அடுத்த ஜூனில் புதுத் தாள் வகுப்புக்கு வந்துவிடும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் அந்த வசதி கிடையாது. பல்கலைக்கழகம் அனுப்பும் பாடத்தைத்தான் நடத்தவேண்டும். 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் எல்லாக் கல்லூரிகளுக்கும் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்ததற்கும் காரணம் இந்த அதிகாரம்தான்.

அதிகாரம் கைக்கு வந்தும் பல துறைகளில் பாடத்திட்டம் பெரிதாக மாறவில்லை. வகை நுண்கணிதம், இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, கலப்பெண் பகுப்பாய்வு, இயக்கவியல் என்ற வரிசை அப்படியே இருக்க, அலகுகள் மட்டும் இடம் மாறும். புதுத் தாள் கொண்டுவந்தால் அதை நடத்த ஆள் வேண்டும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். வினாத்தாள் எடுக்க வெளியில் ஒருவர் வேண்டும். பழைய தாளுக்கு இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

இந்த இழுபறி அதிகம் தெரிவது புள்ளியியலில். இந்தியாவில் புள்ளியியலுக்குத் தனி வீடு கட்டியவர் பி.சி. மகலனோபிஸ். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவர் இயற்பியல் பேராசிரியர். தன் துறை அறையிலேயே கணக்கிடும் வேலையைத் தொடங்கி, 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கினார். 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை தொடங்கியபோது கௌரவத் துறைத் தலைவரும் அவரே. 1943-ல் அங்கே பட்டம் பெற்றவர் சி.ஆர். ராவ். அதாவது இந்தியாவில் புள்ளியியல் துறை பிறந்தது கணிதத் துறையின் வயிற்றில் அல்ல. தரவு வைத்திருந்த ஒரு இயற்பியலாளரின் அறையில்.

சென்னையில் பெரிய கல்லூரிகள் சிலவற்றில் புள்ளியியலுக்குத் தனித் துறை உண்டு. மற்ற இடங்களில் அது கணிதத் துறையின் ஒரு மூலை. அந்த மூலைக்கு வேலை அதிகம். பி.காம். மாணவருக்கு வணிகப் புள்ளியியல், பி.பி.ஏ.-வுக்குச் செயல்முறை ஆராய்ச்சி, இயற்பியல், வேதியியல் மாணவருக்கு ‘அலைடு மேத்ஸ்’ என்று மற்றத் துறைகளுக்கு வகுப்பெடுப்பதே கணிதத் துறையின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்கிறது. ஆறு நாள் ‘டே ஆர்டர்’ போட்டுத் துறைத் தலைவர் கால அட்டவணை தயாரிக்கும்போது மூத்தவர்கள் எம்.எஸ்சி. வகுப்பை எடுத்துக்கொள்வார்கள், அலைடு வகுப்பு புதிதாக வந்தவர் தலையில் விழும். கணிதத்தைக் கண்டு பயந்து வணிகவியலுக்கு வந்த மாணவர்கள் அறுபது பேரைச் சமாளிக்க அனுபவம் அதிகம் தேவைப்படும் வகுப்பு அதுதான். ஒரு தலைவர் தன் துறையை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிய அவருடைய கால அட்டவணையில் பி.காம். முதலாண்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

புள்ளியியலை எந்த உதாரணத்தோடு நடத்துவது என்பதும் துறை தீர்மானிக்கக்கூடியதே. செயல்முறை ஆராய்ச்சித் தாளில் வரிசைக் கோட்பாடு என்று ஓர் அலகு உண்டு. டென்மார்க்கில் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் 1909-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. பாடநூலில் வங்கிக் கவுண்டரும் முடிதிருத்தும் கடையும் உதாரணமாக வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாயிலுக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்த்து வளர்ந்த மாணவனுக்கு அதைவிட நல்ல உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஒரு வாயிலில் மணிக்கு சராசரியாக 60 லாரிகளின் காகிதத்தைச் சரிபார்த்து உள்ளே விடமுடியும் என்று வைத்துக்கொள்ளலாம். லாரிகள் மணிக்கு சராசரி 54 வீதம், முன்பின்னாக, ஒழுங்கில்லாமல் வருகின்றன. பாடநூலின் எளிய சூத்திரப்படி ஒரு லாரி வாயிலில் கழிக்கும் சராசரி நேரம், 60-லிருந்து 54-ஐக் கழித்து, ஒன்றை அதனால் வகுத்தால் வருவது: ஆறில் ஒரு மணி, அதாவது 10 நிமிடம். வரத்து 57 ஆனால் 20 நிமிடம். 59 ஆனால் முழுதாக 1 மணி நேரம். கூடுதலாக வந்தது மணிக்கு 5 லாரி. வாயிலில் கழியும் நேரம் ஆறு மடங்கு. வாயிலால் 60 லாரியைச் சமாளிக்க முடியும், வருவது 59 தான், பிறகு ஏன் இவ்வளவு கூட்டம் என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைத்துவிடுகிறது. நிஜ வாயிலில் இந்தச் சூத்திரத்தின் அனுமானங்கள் முழுதாகப் பொருந்தாது. எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதே மூன்றாமாண்டு மாணவனுக்கு நல்ல செய்முறைத் திட்டம். ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வரைபடம், துறைமுகத்தில் சரக்கு முன்கணிப்பு என்று வடசென்னைத் தொழிற்பட்டையில் புள்ளியியலுக்கு வேலை நிறைய. பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பதே இதற்காகத்தான். அந்த இடத்தில் யாரை உட்காரவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது மற்றது.

இப்போது நிறையக் கல்லூரிகள் தரவு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்குகின்றன. அது கணினித் துறைக்கா, புள்ளியியலுக்கா, கணிதத்துக்கா என்ற வழக்கு பல நிர்வாகக் குழுக்களில் நடக்கிறது. கணினித் துறை முந்திக்கொண்ட இடங்களில் மாணவர் நிரல் எழுதக் கற்கிறார். அது தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கற்பிக்க ஆள் இருப்பதில்லை. கணிதத் துறை எடுத்துக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் தலைகீழ்.

நேரம்தான் தலைமைக்குப் பெரிய பஞ்சம். 2018-ம் ஆண்டு மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடி வகுப்பு. துறைத் தலைவரும் வகுப்பெடுத்தாக வேண்டும். அதற்கு மேல் அகமதிப்பீட்டு மதிப்பெண், வருகைப் பதிவு, ‘நாக்’ தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பு, தேர்ச்சி விகித அறிக்கை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கௌரவ விரிவுரையாளரை வைத்துச் சமாளிக்கவேண்டும். 2019-ல் மானியக் குழு அவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்கள் நீண்டகாலம் வாங்கியது அதில் பாதிக்கும் குறைவு. நாளைக்கு இருப்பாரா என்று தெரியாத ஒருவரிடம் அடுத்த ஆண்டுக்கான புதுத் தாளைத் தயாரிக்கச் சொல்ல எந்தத் துறைத் தலைவருக்கும் வாய் வராது.

ஒரு நிறுவனம் தனிமனிதர்களையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையில் உதாரணம் உண்டு. அழகப்பச் செட்டியார் நன்கொடையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்துக்கு டி. விஜயராகவன் இயக்குநர். 1955-ல் அவர் மறைந்ததும் பொறுப்பு சி.டி. ராஜகோபாலிடம் வந்தது. 1957-ல் செட்டியாரும் மறைய, நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தது. 1967-ல் பல்கலைக்கழகக் கணிதத் துறையும் அதுவும் ஒன்றாயின. அடுத்த தலைவர் யார் என்பது விதிப்படி எழுதியிருந்த அரசுக் கல்லூரித் துறைகள் இதுபோன்ற ஆபத்தில் மாட்டியதில்லை. பணிமூப்பு முறைக்கு இதையும் வரவில் வைக்கவேண்டும்.

கல்லூரித் துறையிடம் வந்து சேரும் மாணவரைத் தயார் செய்வது பள்ளி. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து 1968-ல் பள்ளி வழியாகவே நூலாகக் கொண்டுவந்தார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைந்ததும் அவர் முயற்சியால். 2005-ல் மறையும்வரை அவர் எந்தக் கல்லூரித் துறைக்கும் தலைவரானதில்லை. அந்த மையத்துக்கும் சர் தியாகராயா, பாரதி மகளிர் கல்லூரிகளுக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. கணிதத் துறை எடுக்கும் பட்டப்படிப்புத் திட்டப்பணியை அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் பயிற்சியாக மாற்ற எந்தப் பாடத்திட்டக் குழுவின் அனுமதியும் தேவைப்படாது. துறைத் தலைவரின் ஒரு கடிதம் போதும்.